விலாசம் மாறிய காரணம்

முப்பத்தினாலு வயசிலதான் எனக்கு ஒரு விசயம் விளங்கிச்சி. கடதாசிப்படி பாத்தா நான் இந்த உலகத்தில எந்த வீட்டிலயும் இருக்கல்ல.

வளைகுடாவில ஒரு விமானக் கொம்பனி என்னைப் பைலட்டா எடுக்கச் சம்மதிச்சிருந்திச்சி. சோதின, நேர்முகம், சிமுலேட்டர் எல்லாம் பாஸ். மிச்சம் இருந்தது ஒண்டே ஒண்டு, பின்னணிச் சரிபார்ப்பு. அதச் செய்யிறது வேற ஒரு கொம்பனி. பத்து வருசமா நான் எங்கெங்க இருந்தனெண்டு மாசம் மாசமா எழுதோணும். ஒவ்வொரு வீட்டுக்கும் என்ட பேரில ஒரு அத்தாட்சி வேணும். ஒவ்வொரு விலாசத்தையும் ஏன் விட்டுப் போனீர் எண்டு காரணம் வேணும். நடுவில இருபத்தெட்டு நாளுக்கு மேல கணக்கில்லாமப் போனா, அந்த நாளெல்லாம் எங்க இருந்தீர் எண்டு சாட்சியோட சொல்லோணும். சாட்சி சொந்தக்காரனா இருக்கப்படாது. எங்கட ஊர் சாய்ந்தமருதில சொந்தக்காரனில்லாத ஒருத்தனத் தேடுறத விட பிளேன் ஓட்டுறது லேசி.

மூணு கிழமைக்குள்ள ஃபைல் மூடப்படல்லயெண்டா அந்த பெட்ச்சில எனக்கு இடமில்ல. லைசன் எடுத்து அஞ்சு வருசம். எடுத்த உடன கொரோனா வந்திச்சி. அது போக, நாட்டில டொலர் இல்லாமப் போச்சி. நான் ஒரு டியூட்டரியில ஏ.எல். புள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிச்சிக்கிட்டு, வானத்தில பிளேன் சத்தம் கேட்டா மேல பாக்காமப் பழகியிருந்தன். அந்த அஞ்சு வருசத்தில என்னத் தேடி வந்த ஒரேயொரு வேல இதுதான். இது போனா இனி பௌதிகந்தான்.

முதல் பிரச்சின எங்கட ஊர் வழக்கம். எங்கட பக்கம் ஒரு புள்ளையக் கட்டிக் குடுத்தா வீட்டயும் அவவுக்கே எழுதிக் குடுக்கோணும். மாப்பிள பெட்டியத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டுக்கு வருவார். உம்மா வாப்பாவும் மிச்சப் புள்ளைகளும் பாயச் சுருட்டிக்கிட்டு வளவுக்குள்ள பின்னால ஒரு வீட்டக் கட்டி ஒதுங்குவாங்க. எனக்கு மூணு தங்கச்சிமார். மூணு கலியாணம், மூணு தரம் வீடு மாற்றம். நாலாவதா என்ட கலியாணம், நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு மனுசிட வீட்டுக்குப் போனன். எங்கட ஊரில ஆம்பிள எண்டா வாழ்க்க முழுக்க ஒரு பொம்பிளைட வீட்டிலதான் இருப்பான். முதல்ல உம்மாட வீடு, பொறகு மனுசிட வீடு. கரண்ட் பில் உம்மாட பேரில, தண்ணி பில் தங்கச்சிட பேரில, வீட்டு உறுதிப் பத்திரம் மனுசிட பேரில. என்ட பேரில வந்த ஒரே கடதாசி நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் குடுக்கச் சொல்லி வந்த கடிதம்.

"விலாசம் மாறிய காரணம்" எண்ட இடத்தில, தங்கச்சிட கலியாணம், தங்கச்சிட கலியாணம், தங்கச்சிட கலியாணம், என்ட கலியாணம் எண்டு எழுதி அனுப்பினன். ரெண்டு நாளில பதில் வந்திச்சி. உமது சகோதரி திருமணம் செய்ததற்கு நீர் ஏன் வீட்டை விட்டு வெளியேற வேண்டும், தெளிவுபடுத்தவும்.

ஒரு முழுப் பக்கத்துக்குத் தெளிவுபடுத்தினன். அடுத்த நாள் இன்னொரு கேள்வி. நீர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டீரா?

எனக்கு வாற கோவத்துக்கு லெப்டொப்ப மூடி அடிக்கப் பாத்தன். மனுசி குசினியில இருந்து எட்டிப் பாத்திட்டு, "வழக்கமெண்டு எழுதுங்க. அவங்களுக்கு என்ன தெரியும், பாவங்கள்" எண்டா.

வழக்கமெண்டு எழுதினன். கிராம சேவகர் ஒரு கடிதம் தந்தார். பைலட் படிப்புக்குக் கொழும்பில நிண்ட காலம் தவிர, இவர் பத்து வருசமா என்ட பிரிவுக்குள்ளதான் இருக்கார், நாலு தரம் வீடு மாறியிருக்கார், எல்லா வீட்டுக்கும் நடுவில கூப்பிடு தூரந்தான் எண்டு எழுதி சீல் அடிச்சார். "நான் அறிய இந்த மனிசன் எங்கயும் போகல்ல" எண்டு ஒரு வரியும் சேத்தார். அது எதுக்கெண்டு எனக்கு விளங்கல்ல, ஆனா அந்தக் கடிதத்த அவங்க ஏத்துக்கிட்டாங்க. நான் மூச்சு விட்டன்.

பத்தாவது நாள் காலையில ஒரு மெயில் வந்திச்சி. "முரண்பாடு" எண்டு தலைப்பு.

டியூட்டரி நடத்துற சேர் எனக்கு ஒரு சேவைக் கடிதம் தந்திருந்தார். நல்ல கடிதம். நேரம் தவறாதவர், மாணவர்கள் மதிக்கிறவர் எண்டெல்லாம் இருந்திச்சி. ரெண்டு வருசத்துக்கு முன்ன இந்தத் திகதியில இருந்து இந்தத் திகதி வரைக்கும் எழுபத்து நாலு நாள், கொழும்பில விமானப் பயிற்சிக்காக லீவில போனார் எண்டும் இருந்திச்சி. நான் வாசிக்காம அப்படியே ஏத்தி விட்டுட்டன். இவங்க நான் படிச்ச பயிற்சிப் பாடசாலைக்குக் கோல் எடுத்துக் கேட்டிருக்காங்க. அவங்க, லைசன் எடுத்ததுக்குப் பொறகு இவர் இந்தப் பக்கம் வரவே இல்லயெண்டு சொல்லிட்டாங்க. எழுபத்து நாலு நாள் நீர் எங்க இருந்தீர்? பொய்யான ஆவணம் எண்டு தெரியவந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

என்ட அல்லாஹ்! எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல.

எங்க இருந்தன் எண்டு சொல்றன். கடக்கரையில ஒரு வாடியில இருந்தன்.

அந்த நாளில எனக்கும் மனுசிக்கும் ஒரு சண்ட வந்திச்சி. ஒரு நாள் பகல் சாப்பாட்டில மாமி, "மருமகன் பறக்கிறத்துக்கு முதல் வீட்டுக் கோழி பறந்திரும் போல இரிக்கி" எண்டு சொன்னா. அடுத்த நாள் நான் பேக்கத் தூக்கிக்கிட்டு வெளியேறிட்டன். எங்கட ஊரில புருசன் பொஞ்சாதி சண்டையெண்டா வெளியில போறது புருசன்தான். வீடு அவட, பின்ன அவவா போவா? சரி, எங்க போறது? என்ட கலியாணத்துக்குப் பொறகு உம்மா இருந்தது கடைசித் தங்கச்சிட வீட்டில. அங்க போனா தங்கச்சிட மாப்பிளையிட்ட இடம் கேக்கோணும். அவர் தங்கமான மனிசன், உடன பாயப் போட்டுத் தந்திருவார். அதாலதான் போக ஏலாமப் போச்சி. கூடப் படிச்ச ஒருத்தன் போட் வச்சிருக்கான், அவன்ட வாடிக்குப் போனன். வாடியெண்டா வலையும் எஞ்சினும் வைக்கிற தென்னங்கிடுகுக் கொட்டில். வலைக்கு மேலதான் படுத்தன். அவன் ஒரு கேள்வியும் கேக்கல்ல. "மாமிதான் காரணம்" எண்டு நானாத்தான் சொன்னன்.

மனுசி என்ன செஞ்சா தெரியுமா? அடுத்த நாள் காலையிலயே, மாப்பிள கொழும்புக்கு ட்ரெய்னிங் போயிட்டார் எண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிட்டா. உம்மாவுக்கும் கோல் எடுத்துச் சொன்னா. டியூட்டரி சேருக்கும் அறிவிச்சா. ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கலியாணத்தப் பண்ணு எண்டு சொல்லுவாங்க. எங்கட ஊரில கலியாணம் முடிஞ்சதுக்குப் பொறகும் அந்த ஆயிரத்தில மிச்சமிருக்கிறதச் சொல்லித் தீர்ப்பாங்க.

அதில பெரிய பகிடி என்னெண்டா, நான் இருந்த வாடி வீட்டில இருந்து ஒரு கிலோமீற்றர் கூட இல்ல. கொழும்பில இருக்கிற நான் காலையில கடக்கரையில பல்லுத் தீட்டிக்கிட்டு நிப்பன். மீன் வாங்க வாற ஆக்கள் நேரா என்ட மூஞ்சியப் பாத்து, "என்ன தம்பி, கொழும்பில மழையா?" எண்டு கேப்பாங்க. நான், "ஓம், நல்ல மழ" எண்டு சொல்லுவன். அவங்க, "கவனமா இருங்க" எண்டு சொல்லிட்டு மீனோட போவாங்க. ஒருத்தர்ட முகத்திலயும் சிரிப்பில்ல. வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்கு, தெரிஞ்சவன் ஒருத்தனும் இருக்கமாட்டான் எண்டு ரெண்டு மூணு ஊர் தள்ளி மருதமுனைக்குப் போனன். தொழுற ஸஃபில பக்கத்தில நிண்டவர் ஸலாம் குடுத்து முடிச்ச உடன என்ட கையப் புடிச்சி, "கொழும்பில இருந்து எப்ப வந்த?" எண்டார். முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள மறைக்க ஒராளால ஏலா. ஒரு ஊரே சேந்தா ஏலும்.

எழுபத்து நாலாவது நாள் போட்காரன் வந்து, "மச்சான், வாடிக் கூரையக் கழட்டி வேயப் போறம், நீ சாமானத் தூக்கு" எண்டான். போறத்துக்கு இடமில்ல. அன்டைக்கு வெள்ளிக்கிழம, பேக்கோட வீட்டுக்குப் போய்க் கதிரையில இருந்தன். மனுசி சோறு போட்டா. மாமி, "கொழும்பில நல்ல சாப்பாடு இல்ல போல, மெலிஞ்சி போனீங்க" எண்டா. அதோட அந்தக் கத முடிஞ்சிது. அதுக்குப் பொறகு நானும் மனுசியும் அதப்பத்தி ஒரு நாளும் கதைக்கல்ல. மான மரியாதையோட மூடின விசயத்த இப்ப கண்ணுக்குத் தெரியாத ஒரு கொம்பனிக்காரன் தோண்டுறான்.

முதல்ல சேரிட்டப் போனன். மெயிலக் காட்டினன். அவர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சார். "நான் பொய் எழுதல்ல. கேள்விப்பட்டத எழுதினன்" எண்டார். பொறகு, "வேணுமெண்டா அந்த நாளில உங்களுக்கு டெங்கு எண்டு இன்னொரு கடிதம் தரட்டா?" எண்டு கேட்டார். மெய்யான அக்கறையோட கேட்டார், அதுதான் கொடும. வழியில கண்ட இன்னொருத்தர், கடதாசிகளுக்கு அத்தாட்சி வைக்கிற சமாதான நீதவான், விசயத்த எப்படித்தான் கேள்விப்பட்டாரோ, "எழுதிக்கிட்டு வாங்க தம்பி, நான் சைன் பண்ணித் தாறன்" எண்டார். என்ன எழுதப் போறனெண்டு கூடக் கேக்கல்ல. அந்த ஒரு நாளில எனக்கு நாலு பேர் நாலு விதமான பொய் தர ரெடியா இருந்தாங்க. உண்மைக்கு மட்டும் ஆளில்ல.

வீட்ட வந்து மனுசியிட்டச் சொன்னன். அவ மரக்கறி வெட்டிக்கிட்டிருந்தா. நிமிராமயே, "உள்ளத எழுதுங்க" எண்டா.

"உள்ளத எழுதினா நீ ஊருக்குச் சொன்னது பொய்யெண்டு வரும்."

"வரட்டும். ஊருக்கு அது தெரியுந்தானே."

அதுவும் சரிதான். உள்ளத எழுதினன். சேவைக் கடிதத்தில இருக்கிறது பிழ, எழுதினவர் கேள்விப்பட்டத நம்பி எழுதினவர், அத வாசிக்காம அனுப்பினது என்ட குற்றம், அந்த நாளில நான் இன்ன இடத்தில இருந்தன் எண்டு எழுதினன். அவங்க ரெண்டு வாக்குமூலம் கேட்டாங்க. தங்கின இடத்துச் சொந்தக்காரன்ட ஒண்டு, விட்டுப் போன வீட்டுச் சொந்தக்காரர்ட ஒண்டு. ரெண்டாவது ஆளோட ஃபோனிலயும் கதைப்பம் எண்டாங்க. வீட்டுச் சொந்தக்காரர் எண்டா என்ட மனுசி; வெளிச் சாட்சிக்குப் போட்காரன் இருக்கிறதால, அவ எனக்குச் சொந்தமெண்டது தடையில்லயாம்.

போட்காரனிட்ட ஃபோமக் கொண்டு போனன். அவன் வலைக்கு மேல இருந்து முழங்காலில வச்சி எழுதினான். எழுத்து நண்டு நடந்த மாதிரி. சாட்சி எண்ட முறையில உண்மையத்தான் எழுதோணுமெண்டு நானே அவனுக்கு ரெண்டு தரம் சொல்லியிருந்தன். எழுதி முடிச்சித் தந்தான். வாசிச்சன். "வெளியேறிய காரணம்" எண்ட இடத்தில, "அவர்ட மனுசி வந்து சொன்னதால நான் எழுப்பி விட்டன்" எண்டு இருந்திச்சி.

"என்னடா இது?"

"உண்மையத்தானே எழுதச் சொன்ன."

"கூர வேயப் போறமெண்டு சொன்னியே?"

அவன் மேல பாத்தான். நானும் பாத்தன். ரெண்டு வருசமா ஒரு கிடுகு மாறல்ல. பொத்தல் வழியா வானம் தெரிஞ்சிச்சி. "அவ வந்து, கூரையக் கழட்டுறமெண்டு சொல்லுங்க, அவருக்குப் போறத்துக்கு இடமில்லாமப் போனா வருவார் எண்டா. நான் என்ன செய்ய? நல்ல யோசினையாத்தான் இருந்திச்சி" எண்டான்.

எனக்கு ஆத்திரம் தாங்க ஏலாமப் போச்சி. ரெண்டு வருசமா நான் என்ன நினைச்சிக்கிட்டிருந்தன்? பெரிய மனிசத் தன்மையோட நானே இறங்கி வந்தனெண்டு. அவவ மன்னிச்சனெண்டு கூட ஒரு எண்ணம். பாத்தா, மாட்டப் பட்டிக்கு ஓட்டுற மாதிரி என்ன ஓட்டியிருக்காங்க.

நேரா வீட்ட போய், "நீயா வாடிக்குப் போன?" எண்டு கேட்டன்.

"ஓம்."

"என்னட்ட வந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வந்திருப்பீங்களா?"

வந்திருக்கமாட்டன். அது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். அதால இன்னும் கோவம் வந்திச்சி. அவட வாக்குமூலத்துக்கு நான் ஒரு வரி டைப் பண்ணி வச்சிருந்தன். காரணம், குடும்பத்துக்குள் சிறு விளங்காமை. அவ அத வாசிச்சிட்டு, "விளங்காம ஒண்டும் நடக்கல்ல. நல்லா விளங்கித்தான் போனீங்க" எண்டா. "அப்ப என்ன எழுதச் சொல்ற?" எண்டு கத்தினன். "அத நான் அவங்களிட்டயே சொல்றன்" எண்டிட்டு அந்த இடத்த வெறுமையா விட்டு சைன் வச்சித் தந்தா. வெறுமையா விட்ட ஃபோமத்தான் ஏத்தினன். நாலு நாள்தான் மிச்சம் இருந்திச்சி.

வியாழக்கிழம பின்னேரம் கோல் வந்திச்சி. தமிழில கதைக்க ஆள் வேணுமெண்டு கேட்டிருந்தம், சென்னைக்காரப் புள்ள ஒண்டு. சின்னக் குரல். மனுசி ஃபோன மேசையில வச்சி ஸ்பீக்கரில போட்டா. நான் எழும்பப் போனன். இரிங்க எண்டு கையால காட்டினா.

"மேடம், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது, ஓகேங்களா?"

"ஓம்."

"அந்த எழுபத்து நாலு நாளும் உங்க ஹஸ்பெண்ட் உங்க வீட்ல இல்ல, கரெக்டா?"

"இல்ல. வாடியில இருந்தவர்."

"வாடின்னா என்னங்க?"

"கடக்கரையில வல வைக்கிற கொட்டில்."

அந்தப் புள்ள டைப் பண்ணுற சத்தம் கேட்டிச்சி. "அவரு ஏன் வீட்ட விட்டுப் போனாருன்னு சொல்ல முடியுங்களா?"

மனுசி ஃபோனத் தன்ட பக்கம் இழுத்தா. நான் மேசையப் பாத்துக்கிட்டிருந்தன். என்ட வேல அவட வாயில இருந்திச்சி. கை வைச்சான், குடிச்சான், பொம்பிள விசயம் எண்டு ஒரு சொல்லு விழுந்தா ஃபைல் அதோட மூடிரும். அப்பிடி ஒண்டும் இல்லதான். ஆனா உண்மையான காரணத்தச் சொல்லுவாவா எண்டுதான் நான் பயந்தன். அந்தக் காரணத்த நான் போட்காரனிட்டயும் சொல்லல்ல. இஞ்சயும் இவ்வளவு நேரமும் சொல்லல்ல.

"நான் பிழையா ஒரு கத கதைச்சிட்டன்" எண்டா. "அஞ்சாறு கொம்பனியில இருந்து இல்லயெண்டு பதில் வந்திருந்த நேரம். அடுத்தது கிடைக்கும், அடுத்தது கிடைக்குமெண்டு சொல்லிக்கிட்டே இருந்தவர். இனி என்னட்ட அப்பிடிச் சொல்லாதீங்க, எனக்கு உங்கள்ள நம்பிக்க இல்ல எண்டு சொல்லிட்டன். எங்கட உம்மா கோழிக் கத சொன்னதுக்கு அவரும் சேந்துதான் சிரிச்சவர். நான் சொன்னதத்தான் தாங்க ஏலாமப் போனவர். ஆனா ஒருத்தரிட்டயும் அதச் சொல்லல்ல. எங்கட உம்மாட தலையில போட்டுட்டார்."

டைப் சத்தம் நிண்டிட்டுது.

"அவரிட்ட நான் இதுக்கு மன்னிப்புக் கேக்கல்ல" எண்டா மனுசி. "இதையும் எழுதுங்க."

எனக்கு அழுக வந்திச்சி. மறைக்க ஏலல்ல, மறைக்க நினைக்கவும் இல்ல. ரெண்டு வருசமா ஒரே பாயில படுத்து எழும்பின ரெண்டு பேர். கதைக்கிறத்துக்கு எங்கயோ இருக்கிற ஒரு சென்னைக்காரி வேண்டியிருந்திச்சி. நானும் சொல்லியிருக்கலாம். நீ சொன்னது நொந்திச்சி எண்டு ஒரு வார்த்த. அதச் சொல்லாம எழுபத்து நாலு நாள் வலைக்கு மேல படுத்தன்.

அந்தப் புள்ள தொண்டையச் சரி பண்ணிக்கிட்டு, "தேங்க்ஸ் மேடம். கடைசிக் கேள்வி. இப்ப அவரு உங்களோடதான் இருக்காருங்களா?" எண்டு கேட்டிச்சி.

"ஓம். இப்ப இரிக்கார்" எண்டா. "நீங்க வேல குடுத்தாத்தான் போவார்."

அந்தப் புள்ள சிரிச்சிட்டு, அத நாங்க முடிவு பண்றதில்லங்க எண்டு சொல்லி வச்சிட்டுது. மனுசி ஃபோனத் துணியால துடைச்சி என்ட பக்கம் தள்ளினா. "தேத்தண்ணி குடிக்கீங்களா?" எண்டு கேட்டா. ஓமெண்டன். நாங்க அன்டைக்கு வேற ஒண்டும் கதைக்கல்ல, ஆனா அவ எனக்குப் பக்கத்துக் கதிரையில இருந்து குடிச்சா.

ஞாயிற்றுக்கிழம மெயில் வந்திச்சி. முரண்பாடு விளக்கப்பட்டது, ஃபைல் மூடப்பட்டது, பெட்ச்சில இடம் உறுதி. பதினெட்டாம் நாள் அங்க நிக்கோணும். குசினி வாசல்ல நிண்டு சத்தமா வாசிச்சன். மாமி உள்ள இருந்து அல்ஹம்துலில்லாஹ் எண்டா, மூணு தரம். மனுசி அடுப்பக் குறைச்சிட்டு வந்து, ஃபோன வாங்கித் தானும் ஒருக்கா வாசிச்சா.

"எத்தின நாள் இரிக்கி?"

"பதினெட்டு."

"பதினெட்டு நாளும் கோவிச்சிக்கிட்டு எங்கயும் போயிராதீங்க" எண்டா.